இருபதாவது கேள்வி

எங்கள் காம்பவுண்டில் யாரும் அந்த அம்மாவைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் வரும் என்கிற பயம்தான்.

"முட்டிவலி இருக்குது. எடது பக்கம் ஜாஸ்தி, வலது பக்கம் கம்மி. நேத்து சரியா தூங்கல. மனசுல கவலைன்னு ஒண்ணுமில்ல, கொசுதான். காலைல கூழு குடிச்சேன். உப்புப் போட மறந்துட்டேன், அப்படியே குடிச்சிட்டேன்."

இதைக் கேட்டுவிட்டு "சரிங்க" என்று நகரவும் முடியாது. பதில் அதோடு முடிந்திருக்காது. பால்காரர் ஒருவர்தான் வேண்டுமென்றே வாயைக் கொடுப்பார். கேனை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, நல்லா கீறீங்களா?" என்று கேட்டு, முழுப் பதிலையும் வாங்கிக்கொண்டுதான் பாலை அளப்பார். பதிலின் கடைசியில் "உம் பாலுல இன்னிக்குத் தண்ணி ஜாஸ்தி, ஆனா முந்தாநாளுக்குப் பரவால்ல" என்பதும் சேர்ந்து வரும். மனிதர் அதற்கும் சிரிப்பார்.

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே பல பட்டியல்களில் ஏறி இறங்கி அலைந்த பெயர். அதில் ஒரு பட்டியலில் ஏற்றியவன் நான். அந்த ஒன்று போதும். தெருவில் எல்லோரும் மலாயாம்மா என்றுதான் கூப்பிட்டோம்.

அண்ணாமலை அடிவாரத்தில், பே கோபுரத் தெருவில், ஒரே கிணற்றைச் சுற்றி ஏழு குடித்தனங்கள் இருந்த காம்பவுண்டு அது. நானும் அம்மாவும் தங்கையும் முதல் வீடு. நான் அப்போது ஆரம்பப் பள்ளி வாத்தியார், இன்னும் வேலை நிரந்தரமாகாதவன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை, ஒரு ஜட்கா வண்டி வந்து வாசலில் நின்றது. ஒரு தகரப் பெட்டி இறங்கியது, அப்புறம் ஒரு பக்கம் வாதம் அடித்த ஒரு மனிதரை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். கடைசியாக இறங்கிய அம்மாள், யாரும் கேட்காமலே எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"நாங்க மலாயாலேர்ந்து வரோம். பால்மரம் வெட்டுறவங்க. இவருக்கு வாதம். மலையப் பாத்துகினே படுத்திருக்கணும்னு கேட்டாரு. ஆறு மாசம் இருப்போம். வாடக ரெண்டு மாசத்துக்குத்தான் கையில இருக்குது, மீதிய பொண்ணு அனுப்பும்."

வீட்டுச் சொந்தக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்தது அடி அண்ணாமலையில். கணவருக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். கல்யாணமான கையோடு கப்பலேறி, ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர்கள். ஒரே மகளை அங்கேயே கட்டிக்கொடுத்தார்கள், அவளும் அதே தோட்டத்தில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினாள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் இவர்கள் இரண்டு பேரும் அந்த நாட்டுக் குடிமக்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். "கையத் தூக்கி சத்தியம் பண்ணோம். வேற எந்த நாட்டு மேலயும் பாத்தியதை இல்லன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னோம்" என்பார். பாஸ்போர்ட்டைப் பழைய ஜாக்கெட் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அரிசிக்குள் இருந்தால் ஈரம் வாங்காதாம்.

வந்த வாரத்தில் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வெளிநாட்டுக்காரர்கள் தெருவில் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று தகவல் சொன்னார். எந்த வெளிநாட்டுக்காரர்கள் என்று ஏட்டு பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். "நாங்கதான்" என்றாராம். ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அடி அண்ணாமலைல பொறந்துட்டு வெளிநாடுன்றியே, மலைய சுத்திப் போனா அந்த ஊரு மூணு மைலு இருக்குமா?" என்று கேட்டு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவர் கிணற்றடியில் நின்று, டீயில் சர்க்கரை கொஞ்சம் கம்மி என்பது வரைக்கும் எங்களுக்கு ஒப்பித்தார்.

இப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். என் தங்கையைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார், வழக்கப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்தார். நேராகப் போய் நின்றது மலாயாம்மா வீட்டு வாசலில். என் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பொண்ணு எப்படிங்க?"

"நல்ல பொண்ணு. கோவம் வரும். வந்தா பாத்திரத்த ணங்குனு வைக்கும். அர மணி நேரத்துல போயிடும். சமையல்ல புளி ஜாஸ்தி. பொய் சொல்லாது, ஆனா கேட்டாத்தான் சொல்லும். எம் பொண்ணா இருந்தா நான் நல்ல எடமாப் பாத்துத்தான் குடுப்பேன்."

போச்சு என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாயாரோ உள்ளே வந்து தட்டை மாற்றிவிட்டார். குறையைச் சொன்ன பக்கத்து வீடு ஒன்றாவது இருந்ததே, இனி நிறையையும் நம்பலாம் என்றார். தங்கை மட்டும் அந்த அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. புளியைப் பற்றிச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆறு மாதம் நான்கு வருஷமானது. கணவரைக் கட்டிலோடு வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, மலை தெரிகிற மாதிரி தலையணையை உயர்த்தி வைப்பார். கணவருக்குப் பேச்சும் போய்விட்டது. பேச்சு போன பிறகும் இவர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே தைலம் தேய்ப்பார். ஒரு மழை நாளில், மலை தெரியாத ஒரு காலையில், அவர் போய்விட்டார். தலைத்திவசத்தை முடித்துவிட்டு மகளிடம் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. மகளுக்கு இரண்டு குழந்தைகள். விடியுமுன் மரம் வெட்டப் போகும்போது அவர்களை யாரிடம் விடுவது என்று மாதம் ஒரு கடிதம் வரும். "அம்மா எப்ப வரே?" என்பது ஒவ்வொன்றிலும் கடைசி வரி. கார்த்திகைத் தீபத்துக் கடையில் பேத்திக்கு மரச் செப்பும் பேரனுக்கு ஒரு பம்பரமும் வாங்கித் தகரப் பெட்டியில் முதல் சாமானாக வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் நான் நோட்டும் விண்ணப்பப் பாரமுமாக வீடு வீடாகப் போனேன். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிற வேலை வாத்தியார்கள் தலையில்தான் விழும். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு தெரு என்று கணக்கு. எங்கள் காம்பவுண்டைக் கடைசியாக வைத்திருந்தேன். சொந்த வீடு மாதிரி, சீக்கிரம் முடிந்துவிடும் என்று.

"என் பேரு வேணாங்க வாத்தியாரே" என்றார் மலாயாம்மா. "நான் மலாயா பிரஜை. சத்தியம் பண்ணிட்டேன்."

"நீங்க எங்க பொறந்தீங்க?"

"அடி அண்ணாமலை."

"எத்தினி வருஷமா இங்க இருக்கீங்க?"

"நாலு வருஷம் ரெண்டு மாசம்."

"அப்புறம் என்னம்மா? பொறந்த ஊரு, இருக்கிற ஊரு. இதுல பேரு இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சட்டம் தெரியாது. பாரத்தில் இந்தியக் குடிமகனா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எல்லோருக்கும் போட்ட மாதிரி ஒரு டிக் போட்டேன். காம்பவுண்டில் ஒருவரையும் விடவில்லை என்று தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை எனக்கு. அதைத் தவிர அந்த டிக்குக்கு வேறு காரணம் கிடையாது.

தேர்தல் வந்தது. அரிசி விலையும் மேடைப் பேச்சுமாக ஊரே கொதித்துக்கொண்டிருந்த தேர்தல். எங்கள் பள்ளிக்கூடமே சாவடி. விரலில் மை வைக்கிற வேலை எனக்கு. மலாயாம்மா வெளுத்த சேலை கட்டி, திருநீறு இட்டு, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வாத்தியாரே, நான் போடலாம்ல? யோசிச்சு சொல்லுங்க."

பின்னால் வரிசை தெருவரைக்கும் நின்றது. நான் யோசிக்கவில்லை. "பேரு இருக்குதும்மா. போடுங்க" என்று விரலைப் பிடித்து மையை வைத்தேன். ரப்பர் பால் பட்டுப் பட்டுத் தடித்த விரல், மை சரியாகப் பிடிக்காமல் இரண்டாம் தரமும் தொட்டு வைத்தேன். அன்று சாயங்காலம் அந்த விரலைக் காம்பவுண்டு முழுக்கக் காட்டினார். "என் பேர சத்தமா கூப்பிட்டாங்க. அத்தன பேரு முன்னால. மரியாதையா இருந்துச்சி."

தேர்தல் முடிந்து இரண்டு மாதத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மெட்ராஸில் இருந்த மலாயா நாட்டு அலுவலகத்துக்கு எழுதிப்போட்டோம். பாரம் தபாலில் வந்தது. இங்கிலீஷ். கூடவே அச்சடித்த ஒரு தாள். அதை இரண்டு தரம் படித்தேன். வெளிநாட்டுத் தேர்தலில் வாக்களித்தால், அந்த வெளிநாட்டுக் குடிமகனின் உரிமையை எடுத்துக்கொண்டதாகக் கருதி, பதிவு செய்து வாங்கிய குடியுரிமையை அரசாங்கம் பறிக்கலாம் என்று போட்டிருந்தது. பிற்பாடு சட்டத்தில் சேர்த்த பிரிவு. இவர் கையைத் தூக்கிச் சத்தியம் செய்த நாளில் அந்த வரி கிடையாது. பிறகு எப்போதோ, மலாயா மலேசியாவாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், யாரோ அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். இங்கே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பினேன். அம்மா ஒரு பக்கம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மலாயாம்மா ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி, முழுசாகப் பதில் சொல்லி, நான் அதை ஒரு சொல்லாகச் சுருக்குவதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இருபதாவது கேள்வி வந்ததும் நான் வாயைத் திறக்காமல் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

"பத்தொம்போதுக்கு அப்புறம் இருவத்தொண்ணு சொல்றீங்க."

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நம்பர் தெரியும். தோட்டத்தில் மரத்துக்கு மரம் எண்ணி வேலை செய்தவர். வேறு வழியில்லாமல் கேள்வியைச் சொன்னேன், வெளிநாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட்டதுண்டா என்று. நான் எழுதியதையும் சொன்னேன்.

"நான் போட்டேனே. நீங்கதானே மை வெச்சீங்க."

"மை எப்பவோ அழிஞ்சு போச்சும்மா. அங்க இருக்கிறவங்களுக்கு யாரு சொல்லப் போறாங்க? ஆமான்னு எழுதினா பொண்ணுகிட்ட போக முடியாது. புரியுதா?"

"புரியுது. ஆமான்னு எழுதுங்க."

என் அம்மா கடலையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். "ஏங்க, பேரப் புள்ளைங்க மொகத்தப் பாக்க வேணாமா? ஒரு வார்த்ததான?"

மலாயாம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"நானும் ஒரு வார்த்ததாங்க சொன்னேன்" என்றார். "ஜப்பான்காரன் இருந்த காலம். சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிச்சாங்க. லயத்துக்கு இத்தினி பேருன்னு கணக்கு. எங்க வூட்டுக்கு வந்தப்ப இவரு பரணு மேல. ஆம்பள இருக்கானான்னு கேட்டான். இல்லன்னேன். கதவுல சாக்கட்டியால ஒரு கோடு போட்டுட்டு அடுத்த கதவுக்குப் போனான். அங்க இருந்த புள்ளைக்கு மீசகூட சரியா வரல. எண்ணிக்க கொறையக்கூடாதுல்ல, அவன இழுத்துகினு போய்ட்டாங்க. திரும்பி வரவே இல்ல. அவன் ஆத்தா எனக்குப் பிரசவம் பாத்தவ."

அம்மா திரும்பிப் போய்க் கடலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் இல்லன்னு சொன்னா அது யாரு தலைலயாவது விழுது வாத்தியாரே."

"இது யாரு தலைலயும் விழாதும்மா."

"விழும்னு அன்னிக்கும் எனக்குத் தெரியாது."

"இல்லை"யை அடித்துவிட்டு, "ஆம்" என்று எழுதினேன். என் கையெழுத்து ஊரில் பத்து பேர் மெச்சுகிற கையெழுத்து. அந்தச் சொல் மட்டும் கோணலாக விழுந்தது. எந்தப் பள்ளிக்கூடம், வரிசையில் எத்தனை நேரம் நின்றார் என்பதையும் எழுதச் சொன்னார். இடமில்லை என்றேன்.

குடியுரிமையை ஏன் பறிக்கக்கூடாது என்று காரணம் கேட்டுப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். நான்கு பக்கம் பதில் எழுதினேன். இந்த அம்மாள் வேண்டாம் என்றுதான் சொன்னார், வீட்டுக்கு வந்த ஓர் ஆசிரியர் சட்டம் தெரியாமல் சேர்த்துவிட்டார், சாவடியிலும் கேட்டுவிட்டுத்தான் போட்டார் என்று எல்லாம் எழுதினேன். ஆசிரியர் பெயரை மட்டும் எழுதவில்லை. வேலை நிரந்தரமாகாதவன், கடிதம் எங்கே சுற்றி எங்கே வருமோ என்று பயம். படித்துக் காட்டும்போது "ஓர் ஆசிரியர்" என்ற இடத்தில் மலாயாம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

குடியுரிமை போய்விட்டது. முத்திரை போட்ட தாளை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, "அப்ப நான் இப்ப எந்த ஊருக்காரி?" என்று கேட்டார். விசாரித்ததில் இந்தியாவும் அவரை வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நாட்டில் சத்தியம் செய்த அன்றே இந்த நாட்டு உரிமை போய்விட்டதாம். அடி அண்ணாமலையில் பிறந்த மனுஷி, அங்கிருந்து மூன்று மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மகளுக்கு என்னை வைத்து ஒரு கடிதம் எழுதினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "ஏன் போட்டேன்னு கேக்கும். எழுதுங்க, சந்தோஷமா இருந்துச்சி, அதான் போட்டேன்னு" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன். மரச் செப்பையும் பம்பரத்தையும் பார்சலாகக் கட்டிக் கூடவே அனுப்பினோம்.

இந்தியப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ள வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. அப்போது எங்கள் ஊருக்கு ஜில்லாத் தலைநகரம் அதுதான். நானும் கூடப் போனேன். விசாரணை செய்த அதிகாரி வயதானவர், சிடுசிடுப்பு இல்லாதவர். கேட்டதற்கெல்லாம் மலாயாம்மா கேட்டதற்கு மேலேயே சொன்னார். கப்பலின் பெயர், கணவர் போன நாளில் பெய்த மழை, தகரப் பெட்டியின் பூட்டு உடைந்தது, எல்லாம். அதிகாரி சிரித்துக்கொண்டே தாளைப் புரட்டினார். பறிக்கப்பட்ட காரணம் இருந்த தாளில் சிரிப்பு நின்றது.

"இங்க ஓட்டுப் போட்டதாலயா போச்சு? அப்ப நீங்க இந்தியப் பிரஜையே இல்லையேம்மா. உங்க பேரை யாரு லிஸ்ட்ல சேர்த்தது?"

நான் மலாயாம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையில் அவர் குடையும் என் குடையும். இந்த அம்மா எதையும் விடமாட்டார். என் பெயரைச் சொல்வார், பள்ளிக்கூடத்தைச் சொல்வார், டிக் போட்ட பேனா என்ன கலர் என்றும் சொல்வார்.

மலாயாம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியலைங்க" என்றார்.

"வீட்டுக்கு யாராவது வந்திருப்பாங்களே. வாத்தியாரா? ஆளைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஞாபகம் இல்ல."

அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நான்தான் சேர்த்தேன் என்று ஒரு எட்டு முன்னால் வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போளூர் தாண்டியதும் கேட்டுவிட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு, "விடுங்க" என்றார். அவ்வளவுதான் பதில்.

பல மாதம் கழித்து இந்தியக் குடிமகள் என்று காகிதம் வந்தது. மகள் ஒரு தரம் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அந்த லயத்துக்கு இவர் திரும்பிப் போகவே இல்லை.

எனக்கு மறக்க முடியாதது வேலூர் போய்வந்த மறுநாள் காலைதான். மலாயாம்மா சொம்போடு வாசலில் நின்றார். பால்காரர் வழக்கம்போலக் கேனை இறக்கி வைத்தார்.

"இன்னாம்மா, நல்லா கீறீங்களா?"

"நல்லா கீறேன்பா."

பால்காரர் அளக்கிற குவளையைக் கையில் பிடித்தபடியே நின்றார். மீதி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பாலை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.